கடற்கரை மனையில 1000 அடி போர் போட்டா என்ன ஆகும்? தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரங்க அவசியம் பாருங்க

[காட்சி: ரிக் வண்டி, வெள்ளைப் புழுதி]

வணக்கம். பாலக்கோட்டுலயோ ஊத்தங்கரையிலயோ போர் போட்டவங்களுக்கு ஒரே கணக்குதான். 600 அடியில வரலையா, 800. அங்கயும் இல்லையா, 1000. இதே கணக்கோட கடலூர், மரக்காணம் பக்கம் மனை வாங்கி, ரிக் வண்டியையும் கூட்டிட்டுப் போறவங்க இருக்காங்க. தயவுசெஞ்சு நிறுத்துங்க. அங்க பல இடத்துல ஆழத்துல காத்திருக்கறது உப்பு. அதை நீங்க மேல இழுத்தா, பக்கத்து மீனவக் குப்பத்தோட நல்லதண்ணிக் கிணறும் சேர்ந்து கெடும்.

ஏன்? நம்ம ஊரு பாறை. மழைத்தண்ணி வெடிப்புல நிக்கும். வெடிப்பு சிக்கினா தண்ணி, இல்லைன்னா புழுதி. கடற்கரையோ மணல். மழைத்தண்ணி மணல்ல இறங்கி, அடியில இருக்கற கடல்தண்ணி மேல மிதக்குது. நல்லதண்ணி லிட்டருக்கு 1 கிலோ. கடல்தண்ணி 1.025 கிலோ. இந்த 25 கிராம்தான் மொத்த விஷயமும்.

[காட்சி: டம்ளர்ல ஐஸ் கட்டி]

டம்ளர்ல ஐஸ் கட்டி போட்டா பத்துல ஒரு பங்குகூட மேல தெரியாது, மிச்சம் உள்ளே. மணலுக்குள்ள அந்தக் கணக்கு 1-க்கு 40. கடல் மட்டத்துக்கு மேல 1 மீட்டர் நல்லதண்ணி நின்னா, கடல் மட்டத்துக்குக் கீழ சுமார் 40 மீட்டர் நல்லதண்ணி இருக்கும். இதுக்கு கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதின்னு பேர். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சதும் பயமுறுத்தறதும் ஒண்ணுதான்: இதைத் திருப்பிப் படிச்சுப் பாருங்க. மோட்டார் ஓட்டி நீர்மட்டத்தை அரை மீட்டர் இறக்கிட்டீங்க. அடியில உப்பு 20 மீட்டர் ஏறப் பார்க்கும்!

உடனே ஏறாது. அதனாலதான் "முதல் வருஷம் தண்ணி இனிப்பா இருந்துச்சே"ன்னு சொல்றாங்க. குழாய்க்கு நேர் கீழ உப்பு கூம்பா எழும்பி வந்துக்கிட்டே இருக்கும். வந்தபிறகு மோட்டாரை நிறுத்தினாலும், அந்த உப்பை மழை கழுவித் தள்ள வருஷக்கணக்கு ஆகும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ல அளவுக்கு மீறி உறிஞ்சினதால கடல்தண்ணி பல கிலோமீட்டர் உள்ள வந்துருச்சு.

எவ்வளவு கலந்தா கெடும்னு பாருங்க. 1000 லிட்டர் டேங்க்ல வெறும் 20 லிட்டர் கடல்தண்ணி. கடல்தண்ணியில குளோரைடு, அதாவது உப்போட முக்கியமான பகுதி, லிட்டருக்கு சுமார் 19,000 மில்லிகிராம். 20 லிட்டர் சேர்ந்தாலே 380 ஆயிடும். குடிநீருக்கு இந்தியத் தர அளவு 250. வேற தண்ணியே இல்லாத இடத்துல 1000 வரைக்கும் ஒத்துக்கறாங்க. கம்பி கட்டின கான்கிரீட்டுக்குக் கலக்கற தண்ணியில 500-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினா கம்பி துருப்பிடிச்சு ஊதி, சிமெண்டைப் பிளந்து தள்ளும். உப்புக்காத்து படற வீட்டுக்கு எம்30-ங்கற பலமான கான்கிரீட் கலவை, கம்பிக்கு மேல 45 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடற கான்கிரீட் கனம்) கேளுங்க. நம்ம ஊரு மேஸ்திரி வீட்டுக்குள்ள வைக்கற 20 மில்லிமீட்டர் அங்க பத்தாது.

ஒண்ணு சொல்லிடறேன்: எல்லாக் கடற்கரையும் இப்படியில்ல. கடலூர், நெய்வேலி பக்கம் களிமண்ணுக்கு அடியில அழுத்தத்தோட நிக்கற ஆழமான நல்லதண்ணி உண்டு. அதனால அந்த இடத்து மண் அடுக்கு விவரம் பார்க்காம யார் பேச்சையும் நம்பாதீங்க.

[காட்சி: உறைக்கிணறு]

அப்ப எப்படி எடுக்கறது? அகலமா, மேலோட்டமா. 15, 20 அடிக்கு உறைக்கிணறு, சின்ன மோட்டார். ஒரே மூச்சுல ரெண்டு மணி நேரம் ஓட்டாம, காலையில கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். டிடிஎஸ் மீட்டர் (தண்ணியில கரைஞ்சிருக்கற உப்பு அளவைக் காட்டற கருவி) வச்சு மோட்டார் போட்டதும் ஒருதரம், ஒரு மணி நேரம் கழிச்சு ஒருதரம் பாருங்க. எண் ஏறிக்கிட்டே போனா, ஓட்டற நேரத்தைக் குறைங்க. மனை வாங்கறதுக்கு முன்னாடி சோதிக்கறதா இருந்தா மே மாசத்துல சோதிங்க. டிசம்பர்ல வடகிழக்குப் பருவமழைத் தண்ணிதான் மீட்டர்ல தெரியும். கூரைத்தண்ணியைக் கட்டாயம் மணல்ல இறக்குங்க. மணல் மேட்டைச் சமப்படுத்தாதீங்க. மழையைப் பிடிச்சு வைக்கற தொட்டியே அதுதான், சட்டப்படியும் தொடக்கூடாது.

சட்டத்தை வேகமா முடிச்சுடறேன். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-ல வந்துச்சு, அப்புறம் 2011, 2019. உயர் அலைக் கோட்டுல இருந்து, அதாவது பெரிய ஓதத்துல கடல்தண்ணி எட்டற கோட்டுல இருந்து, 500 மீட்டர் வரைக்கும் கட்டுப்பாடு. 2019 அறிவிக்கைப்படி கிராமப்புறத்துல, 2011 மக்கள்தொகைக் கணக்குல சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல இருந்தா முதல் 50 மீட்டர், மத்த இடத்துல 200 மீட்டர், புதுசா வீடு கட்ட முடியாது. புரோக்கர் அலை நுனியில நின்னு அடி எண்ணிக் காட்டுவார். அதை ஏத்துக்காதீங்க. அந்தக் கோடு கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்துல இருக்கு. உங்க சர்வே எண்ணை அதுல பொருத்திப் பாருங்க. பட்டா கையில இருக்கறதால கட்டற உரிமை வந்துடாது.

கடற்கரையில ஏற்கெனவே கிணறு வச்சிருக்கற நம்ம ஊர்க்காரங்க, கடல்ல இருந்து எத்தனை மீட்டர், கிணறு எத்தனை அடி, மே மாச டிடிஎஸ் எவ்வளவுன்னு கமெண்ட்ல போடுங்க. சர்வே எண் மட்டும் வேண்டாம்.