நினைவு நீங்கிய பின்னும் நிற்கும் மகிழ்ச்சி

அவைத் தலைவர் அவர்களே, முதியோர் பராமரிப்புப் பயிற்சியை முடித்துப் பணியில் சேரவிருக்கும் அன்புப் பிள்ளைகளே, அவர்களை வாழ்த்த வந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மறதி நோயாளிகளின் இல்லத்தில் வேலை என்று சொன்னதும் உங்கள் உறவினர்கள் முகம் வாடியிருப்பார்கள். பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாதவர்களோடு இருந்து என்ன மகிழ்ச்சியைக் காணப் போகிறாய் என்று கேட்டிருப்பார்கள். கோவையில் அத்தகைய இல்லம் ஒன்றில் நெடுங்காலமாகச் செவிலியராக இருப்பவள் என்ற முறையில் அதற்கு விடை சொல்ல விரும்புகிறேன். வேளை தவறாமல் மருந்து கொடுப்பதும், படுக்கைப் புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பதும் எப்படி நம் கடமையோ, அப்படியே அவர்களை மகிழ வைப்பதும் நம் கடமை. அதைச் செய்யும்போது நாமும் மகிழாமல் இருக்க முடியாது.

நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், டிமென்ஷியா எனப்படும் மறதி நோயோடு வாழ்வதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது அதன் ஒரு வகையான அல்சைமர் நோய். மூளையில் புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியை அது தொடக்கத்திலேயே தாக்குவதால், காலையில் இட்லி சாப்பிட்டோமா என்பது மறந்துபோகிறது. ஆனால் கை பழகிய தொழில்கள் மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்தவை. அவை வெகுநாள் தாக்குப்பிடிக்கின்றன. பாட்டும் அப்படித்தான். பேச்சு குறைந்துபோனவர்கள் பழைய பாட்டின் அடியை விடாமல் பாடுவதை நீங்கள் பார்க்கத்தான் போகிறீர்கள்.

எங்கள் இல்லத்தில் ஓர் அம்மா இருந்தார். பூக்கடை நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். மகளின் பெயர் அவருக்கு நினைவில்லை. பொழுது சாயும் நேரத்தில், "கடையைத் திறக்கணும், விடுங்க" என்று வாசல் கதவைப் பிடித்து இழுப்பார். மாலையில் இப்படிப் பதற்றம் கூடுவது இந்நோயில் வழக்கம். கடையை மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்று எடுத்துச் சொன்னால் அழுகைதான் மிஞ்சும். ஒருநாள் அங்கே வேலை பார்த்த பெண் ஒருத்தி முறத்தில் உதிரி மல்லிகையையும் நனைத்த வாழைநாரையும் கொண்டுவந்து வைத்து, "அம்மா, எனக்குக் கட்டத் தெரியலை, சொல்லித் தர்றீங்களா?" என்று கேட்டாள். அந்த அம்மா கதவை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, நாரை விரலில் சுற்றி ஓர் இழுப்பு. விரல்களுக்கு எந்தத் தடுமாற்றமும் இல்லை. கற்க வந்தவளின் சரத்தைப் பார்த்து, "நெருக்கிக் கட்டு கண்ணு, இடைவெளி விட்டா யாரு காசு கொடுப்பா?" என்று அதட்டினார். கட்டி முடித்ததை முழங்கையிலிருந்து விரல் நுனிவரை வைத்து முழம் போட்டார். இரவுச் சாப்பாட்டுக்குள் பூக்கட்டியதே அவருக்கு மறந்துவிட்டது. ஆனால் அன்று அவர் கதவருகே மறுபடி போகவில்லை.

மறந்துபோகிற மகிழ்ச்சியால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்வேன். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகள் 17 பேருக்குத் துயரமான படத்துண்டுகளையும் மகிழ்ச்சியான படத்துண்டுகளையும் தனித்தனியே காட்டிய ஆய்வு 2014இல் வெளியானது. சற்று நேரத்திலேயே பார்த்தவற்றை அவர்கள் பெரும்பாலும் மறந்துவிட்டார்கள். அவை எழுப்பிய உணர்ச்சியோ அதன் பிறகும் அவர்களிடம் நின்றது. இதில் நமக்கு ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. குளிக்க வைக்கும்போது நாம் காட்டிய எரிச்சலைப் பாட்டி மறந்திருப்பார். அது உண்டாக்கிய கலக்கம் அவரை விட்டுப் போயிருக்காது. மதியம் காரணமில்லாமல் அழுகிறார் என்று குறிப்பேட்டில் எழுதுவோமே, காரணம் நாமாகவும் இருக்கக்கூடும்.

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் இத்துறைக்கு வழிகாட்டிய டாம் கிட்வுட், மறதியோடு வாழ்பவரை முதலில் மனிதராகப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அவரால் ஈடுகொடுக்க முடியாத வேகத்தில் அவசரப்படுத்துவது, குழந்தையைப் போல நடத்துவது, எதிரே இருக்கும்போதே இல்லாதவரைப் போல எண்ணிப் பேசுவது ஆகியவை நோயோடு சேர்ந்து அவரைச் சிதைக்கின்றன என்று சுட்டிக்காட்டினார். தலைமையாசிரியராக ஓய்வுபெற்றவரை, "செல்லத் தாத்தா, ஆ காட்டுங்க" என்று கொஞ்சாதீர்கள். "சார், சாப்பிடலாமா?" என்று கேளுங்கள், அவர் நிமிர்ந்து உட்காருவதை நீங்களே காண்பீர்கள்.

எல்லா நாளும் இப்படி அமையும் என்று சொல்ல மாட்டேன். அடிப்பார்கள், திட்டுவார்கள், உடுப்பைக் கழற்றி எறிவார்கள். நேற்றுவரை அமைதியாக இருந்தவர் திடீரென்று குழம்பினால் சிறுநீர்த் தொற்றோ, மலச்சிக்கலோ, சொல்லத் தெரியாத வலியோ இருக்கலாம். பாட்டுப் போட்டுச் சரிசெய்யப் பார்க்காமல் உடனே மருத்துவருக்குச் சொல்லுங்கள். கடைசிக் கட்டத்தில் மகிழ்ச்சி மிகச் சிறியதாகிவிடும். காலில் எண்ணெய் தடவும்போது மடங்கியிருந்த விரல்கள் தளர்வது, பழகிய குரல் வரும் பக்கம் கண்கள் திரும்புவது, அவ்வளவுதான். அதைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அது போதும். பார்ப்பதற்கு அவர்களுக்கு நேரம் வேண்டும்.

இல்லங்களை நடத்துவோரிடம் நான் கேட்பதும் அந்த நேரத்தைத்தான். ஒருத்தியே ஒரு கூடம் நிறைய முதியவர்களைக் குளிப்பாட்டி முடிக்க வேண்டும் என்று வைத்தால், அவளால் பூத்தொடுக்கக் கேட்டு உட்கார முடியாது. ஆட்களைக் கூட்டுங்கள், இரவுப் பணிக்குரிய ஊதியத்தைக் குறைக்காதீர்கள். புதியவர் சேரும் அன்றே, அவர் செய்த தொழில், கேட்ட பாட்டு, காபிக்கு எவ்வளவு சர்க்கரை, வீட்டில் அவரை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதையெல்லாம் குடும்பத்தாரிடம் கேட்டு எழுதிக் கட்டிலருகே வையுங்கள். பிள்ளைகளே, பணி மாறும்போது இரத்த அழுத்தமும் மலம் கழித்ததும் குறிக்கிறீர்கள் அல்லவா? அதே ஏட்டில் இன்று அவர் எதற்குச் சிரித்தார் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். இரவுப் பணிக்கு வருபவர் அதையும் படித்துவிட்டு உள்ளே போகட்டும்.