வைஃபை 7 வாங்கினா பின் ரூமுக்கு சிக்னல் போகுமா?

பாளையங்கோட்டையில இருந்து ஒரு அண்ணாச்சி கேட்டிருக்காவ. வீடு நீளவாக்குல 60 அடி. இன்டர்நெட் பெட்டி (ரௌட்டர்) பட்டாசல்ல, அதாவது முன் ரூம்ல இருக்கு. அடுக்களைக்குப் பின்னால உள்ள ரூம்ல மகளுக்கு ஆன்லைன் கிளாஸ் விட்டு விட்டு வருது. பிளான் 100 எம்பிபிஎஸ். வைஃபை 7 ரௌட்டர் வாங்கினா சரியாயிருமான்னு கேள்வி.

அதுக்காக மட்டும்னா வாங்காதீங்க அண்ணாச்சி. வைஃபை 7 வேகத்தைக் கூட்டும், சுவத்தைத் தாண்டுத பலத்தைக் கூட்டாது. அதுல புதுசா வந்த 4096 க்வாம்ங்குத, ஒரே தடவையில நிறைய டேட்டாவை அடைச்சு அனுப்புத முறை, பெட்டிக்குப் பக்கத்துல சிக்னல் சுத்தமா இருந்தாத்தான் வேலை செய்யும். டேட்டா போற பாதையான சேனல் 320 மெகாஹெர்ட்ஸ் அகலத்துல வேணும்னா, அது 6 கிகாஹெர்ட்ஸ்ல மட்டும்தான் உண்டு. அந்த அலை, 5 கிகாஹெர்ட்ஸைவிடச் சீக்கிரமா சுவத்துல செத்துப்போயிரும். நம்ம பழைய வீட்டுச் சுவரு முக்கால் அடி, ஒரு அடி கனம்லா? நடுவுல இரும்பு பீரோ வேற நிக்கும்.

இன்னொண்ணு, விலை குறைஞ்ச வைஃபை 7 பெட்டியில பலதும் டூயல் பேண்ட்தான், அதாவது 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் ரெண்டு அலை மட்டும்தான். அதுல 6 கிகாஹெர்ட்ஸே கிடையாது, சேனல் அகலம் 160ஓட நின்னுரும். அட்டைப்பெட்டியில ட்ரை பேண்ட்னு போட்டிருக்கா, 6 கிகாஹெர்ட்ஸ்னு எழுதியிருக்கான்னு பாத்து வாங்குங்க. உங்க போன் வைஃபை 6ன்னா, எந்தப் பெட்டி வாங்கினாலும் அது வைஃபை 6ஆத்தான் பேசும். ரெண்டு பேண்டையும் சேத்துப் பிடிக்குத எம்எல்ஓ வேணும்னா போனும் வைஃபை 7ஆ இருக்கணும்.

முதல்ல லேப்டாப்பை வயர் போட்டு நேரா பெட்டியில மாட்டி ஸ்பீடு பாருங்க. 90க்கு மேல வந்தா லைன்ல குறை இல்ல. பொறவு பின் ரூம்ல நின்னு, வைஃபை அனலைசர் மாதிரி ஆப்ல சிக்னலைப் பாருங்க. அது டிபிஎம்னு மைனஸ்ல காட்டும், பூச்சியத்துக்குப் பக்கமா வர வர சிக்னல் பலம். மைனஸ் 67க்குள்ள இருந்தா வீடியோ கிளாஸ் நல்லா ஓடும். மைனஸ் 75ஐத் தாண்டிட்டுன்னா கட் ஆகத்தான் செய்யும்.

அப்படி இருந்தா, பட்டாசல்ல இருந்து பின் ரூமுக்கு கேட் 6ங்குத நெட்வொர்க் வயர் ஒண்ணு இழுங்க. கேட் 5ஈ இருந்தாலும் போதும், 100 மீட்டர் வரைக்கும் ஒரு ஜிபிபிஎஸ் தாங்கும். காப்பர் பூசின அலுமினிய வயரு மலிவா கிடைக்கும், அதை மட்டும் வாங்கிராதீங்க. வளைச்சு வளைச்சு இழுக்கையில உள்ளுக்குள்ளயே முறிஞ்சிரும். பிளக்கு கண்ணாடி மாதிரி இருக்கும்லா, அதை வெளிச்சத்துல பிடிச்சு எண்ணிப் பாருங்க, 8 கம்பியும் நுனி வரைக்கும் வந்திருக்கணும். சில பேரு நாலு மட்டும் போட்டு அடிச்சிட்டுப் போயிருவாவ. இப்ப உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. நாளைக்கு 300 பிளானுக்கு மாறினாலும் 100ஐத் தாண்டாது, நீங்க ரௌட்டரைக் குறை சொல்லிக்கிட்டு இருப்பிய.

அந்த முனையில சாதாரண வைஃபை 6 ரௌட்டர் ஒண்ணை ஆக்சஸ் பாயிண்ட் மோடுல, அதாவது வயர்ல வர்ற நெட்டை வைஃபையா மட்டும் பரப்புத செட்டிங்ல வைங்க. பேரும் பாஸ்வேர்டும் ரெண்டுலயும் ஒண்ணா இருக்கட்டும். 5 கிகாஹெர்ட்ஸ் சேனல் நம்பர் மட்டும் வேற வேற: முன்னால 36, பின்னால 149.

வயர் இழுக்கவே வழியில்லன்னா, வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்புத ரிப்பீட்டர் போடலாம். ஆனா அதைப் பின் ரூம்ல வைக்காதீங்க, அங்க வாங்குறதே செத்த சிக்னல்தான. நடுவுல, அடுக்களைக்கு முன்னால உள்ள பிளக்குல மாட்டுங்க.