தங்கக் கோட்டில் தெறித்த பொறி: ஏற்காட்டிலிருந்து ஒரு கேள்வி

சரி, அடுத்த கேள்வி ஏற்காட்டிலிருந்து ஒரு அக்கா அனுப்பியது. தங்கக் கோடு போட்ட பீங்கான் கப்பில் காபியை வைத்து மைக்ரோவேவ் அடுப்பில் சூடு பண்ணியிருக்கிறார். கோடு தேய்ந்து முடியளவு விட்டுப்போன இடத்தில் மட்டும் சடசடவென்று பொறி. "சேலத்தில் இருந்தவரை இப்படி ஆனதில்லை. மலைக்காற்று மெலிசு என்பதாலா தம்பி?" என்று கேட்கிறார்.

அக்கா, மலைக்கும் இதில் கொஞ்சம் பங்கு உண்டு. அடிவாரத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் 20 கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் உப்பிவிடுகிறதே, அதே விஷயம்தான். ஏற்காட்டில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட 15 சதவீதம் போலக் குறைவு. காற்று மெலிந்தால் எலக்ட்ரான் ஒரு மோதலுக்கும் அடுத்ததற்கும் நடுவே கூடுதல் தூரம் ஓடி வேகம் பிடிக்கும். அந்த வேகத்தில் மூலக்கூறில் இடித்து இன்னொரு எலக்ட்ரானைப் பிடுங்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகிப் பெருகினால் பொறி.

ஆனால் முக்கியக் காரணம் கோட்டில் விழுந்த அந்த விரிசல். கோட்டில் ஓடும் மின்னோட்டம் அங்கே தடைபட்டு, வோல்டேஜ் அங்கேயே குவிகிறது.

ஒரு சென்டிமீட்டர் காற்றைத் தாண்டச் சுமார் 30,000 வோல்ட் வேண்டும். அதே கணக்கில் 10 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) 30 வோல்ட் போதும் என்று தோன்றும். போதாது! அவ்வளவு சின்ன இடத்தில் மோதுவதற்கு மூலக்கூறுகளே குறைவு. ஒரே திசையில் பாயும் மின்சாரத்துக்கு இதை 1889-இல் பாஷென் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் அளந்து காட்டினார். காற்றில் சுமார் 330 வோல்ட்தான் அடிமட்டம், அதற்குக் கீழே பொறி கிளம்பாது. சாதாரண அழுத்தத்தில் அது ஏழெட்டு மைக்ரான் இடைவெளியில் வரும்.

மைக்ரோவேவில் இன்னொரு விசேஷம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மின்புலம் நொடிக்கு 490 கோடி தடவை திசை மாறுகிறது. எலக்ட்ரான் இந்தப் பக்கம் பத்து மைக்ரான் போல நகர்வதற்குள் திரும்பு என்கிறது. தலைமுடி தடிமன் சுமார் 70 மைக்ரான். ஆக, அது எந்த முனையையும் தொடாமல் நடுவிலேயே ஊசலாடி, இடித்து இடித்துப் பெருகுகிறது. இடைவெளி அந்த ஊசலைவிடக் குறுகினால் எலக்ட்ரான்கள் உலோகத்தில் மோதித் தொலைந்துபோகும், பொறி கடினமாகும்.

அப்புறம், ஓரிரு மைக்ரானுக்கும் கீழே போனால் கதையே வேறு. உலோகத்தின் நுண்ணிய மேடுகளில் மின்புலம் பல மடங்கு குவிந்து, எலக்ட்ரானை உலோகத்திலிருந்தே உருவி எடுக்கும். அங்கே காற்றழுத்தத்துக்கு வேலை அநேகமாக இல்லை; சேலமும் ஏற்காடும் ஒன்றுதான்.

எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கப் இருக்கிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தேன்: விரிசலின் இரண்டு முனைகளிலும் தங்கம் உருகிச் சின்னஞ்சிறு மணியாகத் திரண்டு, சுற்றிலும் கருப்பு. ஒவ்வொரு பொறியும் கொஞ்சம் உலோகத்தைத் தின்றிருக்கிறது. அக்கா, அந்தக் கப்பில் காபி குடியுங்கள்; அடுப்புக்குள் மட்டும் வைக்காதீர்கள்.