விமானம் ஏறிப் போகும் வீட்டோடு மாப்பிள்ளை

நடுவர் ஐயா அவர்களே, இரு அணிப் பேச்சாளர்களே, பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டுக் கண் சொருக உட்கார்ந்திருக்கும் நியூஜெர்சித் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம். வணக்கம் இவ்வளவு போதும், ஏழு நிமிடத்தில் ஐயா மணி அடித்துவிடுவார்.

‘துணையின் தாய்நாட்டுக்குக் குடிபோவது இல்லறத்துக்கு வரவா, செலவா?’ இதுதான் தலைப்பு. ‘வரவே’ என்று பேச என்னை ஏன் பிடித்துப் போட்டார்கள் என்று உங்களுக்கே தெரியும். இந்த அரங்கத்தில் கொலம்பியாவில் பெண் எடுத்தவன் நான் ஒருத்தன்தான். பதினான்கு வருடம் இங்கே குடித்தனம் நடத்தியாயிற்று. வருகிற ஜூலையில் இரண்டு பிள்ளைகளோடு அவளுடைய ஊரான பெரெய்ராவுக்கே போகிறோம். ஆகவே இன்றைக்குத் தோற்றால் நான் வீட்டுக்குப் போக முடியாது. ஜெயித்தால் இந்த நாட்டிலேயே இருக்க முடியாது.

எதிரணித் தலைவர், நம் மதுரை அண்ணன், என்ன சொன்னார்? சம்பளம் குறையும் என்றார். நாற்பத்தைந்து வயதில் புது மொழி ஏறுமா என்றார். எழுதி வைத்திருக்கிறேன், பதில் சொல்கிறேன். ஆனால் உட்காரப் போனவர் திரும்பி என்னைப் பார்த்து ஒன்று சொன்னாரே, நீங்களும் விழுந்து விழுந்து சிரித்தீர்களே! ‘பெண்டாட்டி நாட்டுக்கு மூட்டை கட்டுகிறவன், விமானம் ஏறிப் போகும் வீட்டோடு மாப்பிள்ளை.’ என் அணிக்காரரே கைதட்டினார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அண்ணே, உங்கள் ஊர் எது? மதுரை. அங்கே இருக்கிற சொக்கநாதர் எந்த ஊர்க்காரர்? கைலாசம். கல்யாணத்துக்கென்று வந்த கைலாசத்து மாப்பிள்ளை திரும்பிப் போனாரா? மாமனார் வீட்டிலேயே தங்கி, மாமனார் குலப்பெயரையும் வாங்கிக்கொண்டு, சுந்தரபாண்டியன் என்று முடியும் சூடிக்கொண்டார். இன்றைக்கும் கோயிலுக்குள் நுழைந்தால் முதல் கும்பிடு மீனாட்சிக்கு, அப்புறம்தான் அவருக்கு. ‘உங்கள் வீட்டில் மதுரையா, சிதம்பரமா?’ என்று ஊர் உலகமே கேட்கிறது. அந்தக் கேள்விக்குப் பெயர் கொடுத்த ஊரில் பிறந்துவிட்டு என்னை வீட்டோடு மாப்பிள்ளை என்றால், அடுத்த சித்திரைத் திருவிழாவுக்கு எந்த முகத்தோடு போவீர்கள்?

விட மாட்டேன், இன்னும் இருக்கிறது. அண்ணி தஞ்சாவூர்ப் பெண். கல்யாணமானதும் மதுரைக்கு வந்தார், அங்கிருந்து சென்னை, அங்கிருந்து இங்கே நியூஜெர்சி எடிசன். ஒரு நாளாவது யாராவது அவரை ‘வீட்டோடு மருமகள்’ என்று கேலி பேசியிருப்பார்களா? அப்படி ஒரு சொல்லே நம்மிடம் இல்லை. பெண் போனால் அதற்குப் பெயர் குடித்தனம், ஆண் போனால் மட்டும் பட்டப்பெயர். அண்ணி கைதட்டுகிறார், பாருங்கள். நடுவர் ஐயா, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கொலம்பியாவில் ஆளுக்கு இரண்டு குடும்பப் பெயர். அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. கல்யாணமானதற்காகப் பெண் தன் பெயரை மாற்ற வேண்டியதில்லை. நானோ ஒற்றை இனிஷியலோடு போகிறவன். படிவத்தில் இரண்டாவது குடும்பப் பெயர் என்ன என்று கேட்கிறார்கள். எனக்கு முதல் கட்டத்துக்கே சரக்கு இல்லை.

சரி, மொழி. இதை மட்டும் நான் மெதுவாகத்தான் சொல்வேன், ஐயா மணியைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும்.

கல்யாணம் முடிந்த புதிது. கும்பகோணத்திலிருந்து அம்மா போன். மருமகளோடு பேச வேண்டுமாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா கேட்பதை ஆங்கிலத்தில் இவள் காதில் போடுகிறேன். இவளுக்கு ஒரே உற்சாகம். உற்சாகம் வந்தால் வாயில் ஸ்பானிஷ்தான் வரும். ஸ்பானிஷில் ‘ஆமாம்’ என்பதற்கு என்ன சொல் தெரியுமா? ‘சீ.’

அம்மா கேட்கிறாள், ‘சாப்பிட்டியாம்மா?’ இவள், ‘சீ!’

அந்தப் பக்கம் கொஞ்சம் அமைதி. ‘உடம்பெல்லாம் நல்லா இருக்கா?’ ‘சீ!’

இன்னும் பெரிய அமைதி. அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு, ‘எம் பிள்ளை உன்னை நல்லா வெச்சுக்கிறானா?’ இவளுக்கு என் மேல் அப்போது பிரியம் அதிகம். கண்ணை மூடிக்கொண்டு, ‘சீ! சீ! சீ!’

உடனே அம்மா, ‘போனை அவன்கிட்டக் குடு’ என்றாள். வாங்கினேன். ‘டேய், அந்தப் பொண்ணை என்னடா பண்ணித் தொலைச்சே?’

அத்தோடு போயிற்றா? இது திருச்சி அத்தைக்குப் போய்ச் சேரும்போது ஏழு ‘சீ’ ஆகியிருந்தது. கோயம்புத்தூர் சித்தப்பா வீட்டில் விசாரித்தபோது, ‘போனிலேயே காறித் துப்பிட்டாளாமே?’ என்றார்கள். ஐந்து ‘சீ’தான் என்று நான் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் சத்தியம் செய்துகொண்டு திரிந்தேன்.

இதுவாவது பரவாயில்லை. முதல் தடவை பெரெய்ரா போனேன். ஏற்காடு மாதிரி மலை, ஏற்காடு மாதிரியே காப்பித் தோட்டம், கிட்டத்தட்ட அதே உயரம். வாசலில் ஆறடி ஆள், பெரிய மீசை, தொண்ணூறு கிலோ இருப்பார். இவள் ஓடிப் போய்க் கட்டிக்கொண்டு, ‘பாப்பா!’ என்கிறாள். அப்பாவைத்தான் அப்படிக் கூப்பிடுவார்களாம். பின்னாலேயே சேலைக்குப் பதில் கவுன் போட்ட நம் வீட்டுப் பெரியம்மா மாதிரி ஒருவர். அவரைப் பார்த்து, ‘மாமா!’ மீசை வைத்தவர் பாப்பா, கவுன் போட்டவர் மாமா. நான் யாருக்கு நமஸ்காரம் செய்வது?

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பாப்பா என்னிடம், ‘தின்தோ?’ என்றார். நான் படித்த பாடத்தில் அதற்கு அர்த்தம் சிவப்பு ஒயின். மாப்பிள்ளையைச் சோதிக்கிறார் போலிருக்கிறது என்று பயந்து, வேண்டாம் என்றேன். மனிதர் முகம் வாடிவிட்டது. அந்த ஊரில் தின்தோ என்றால் கடுங்காப்பி. சொந்த ஊர்க் காப்பியை வேண்டாம் என்ற முதல் மாப்பிள்ளை நான். அப்புறம் சமாதானத்துக்கு வெல்லத்தைக் கரைத்துக் கொடுத்தார்கள், எலுமிச்சை பிழிந்து. பெயர் அகுவபனேலா. எனக்கு அது ராமநவமிப் பானகம், சுக்கும் ஏலக்காயும்தான் குறைச்சல். சாப்பாட்டில் மரவள்ளிக்கிழங்கு, வாழைக்காய். மாம்பழத்துக்குப் பெயர் மாங்கோ, அது நம் மாங்காய் கப்பலேறிப் போன சொல்தான். காரம் மட்டும் மருந்துக்கும் கிடையாது. மிளகாயை உலகத்துக்கே கொடுத்த கண்டம், நம்மிடம் கொடுத்ததோடு மறந்துவிட்டார்கள்.

சம்பளம் குறையும் என்றீர்கள். ஆமாம், குறையும். அடுத்தது, ஏற்பாடு. கல்யாணச் சான்றிதழ் வெளிநாட்டில் செல்லுபடியாக அப்போஸ்தில் என்ற முத்திரை, அதற்கு அங்கீகாரம் பெற்றவரின் மொழிபெயர்ப்பு, தூதரகத்தில் பதிவு. எனக்குக் கொலம்பியரின் துணை என்று எம் வகை விசா, அதிகபட்சம் மூன்று வருடம். போய் இறங்கிய பதினைந்து நாளுக்குள் விசாவைப் பதிந்து, செதுலா என்ற அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். 183 நாளுக்கு மேல் இருந்தால் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் அங்கே வரிக்கணக்குக் காட்ட வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவன், அதனால் இங்கேயும் காட்ட வேண்டும். இரண்டு மாமியாருக்குப் பதில் சொல்கிற மாதிரி. வெளிநாட்டிலிருந்து திரும்பும் கொலம்பியருக்கென்றே 2012-இல் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள், எண் 1565. மூன்று வருடமாவது வெளியே இருந்துவிட்டுத் திரும்பினால், வீட்டுச் சாமான் கொண்டுபோகச் சலுகை. இங்கே வாங்கிய 110 வோல்ட் கிரைண்டர் அங்கேயும் ஓடும், விசாரித்துவிட்டேன். திரும்புகிறவள் அவள். சாமான் பட்டியலில் நான் கிரைண்டருக்கு அடுத்த வரி.

ஐயா, மணியில் கை வைக்காதீர்கள். சிரிப்பு முடிந்தது.

2020 மார்ச்சில் கொலம்பியா வெளிநாட்டு விமானங்களை நிறுத்தியது. மறுபடி திறந்தது செப்டம்பரில். நடுவில், ஜூலையில், பாப்பா போய்விட்டார். அந்த மீசையை என் வீட்டுச் சமையல் மேடையில், உப்பு ஜாடியில் சாய்த்து வைத்த போனில்தான் இவள் கடைசியாகப் பார்த்தாள். அடுப்பில் பருப்பு தீய்ந்துகொண்டிருந்தது, நாங்கள் இரண்டு பேரும் அணைக்கவில்லை. அன்றைக்கு அவள் ‘பாப்பா, பாப்பா’ என்று கூப்பிட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வருடம் ஊருக்குப் போனோம். அவள் அம்மா, அக்கா, தங்கைகள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். இவள் ஏதோ சொல்ல, எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் ஒன்று புரிந்தது, என் பெண்டாட்டி வேடிக்கையாகப் பேசுகிறவள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எனக்கு அது தெரியாது. வீட்டில் நாங்கள் பேசுவது ஆங்கிலம். எங்கள் இரண்டு பேருக்குமே அது வாடகை வீடு. சுவரில் ஆணி அடிக்கக்கூட யோசிப்போம். அவள் சொந்த வீட்டில் எப்படி இருப்பாள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மதுரை அண்ணனுக்கு இதில் வாதம் எங்கே என்று தோன்றும். வாதம் இல்லை அண்ணே. அவள் அம்மாவுக்கு எழுபத்தெட்டு.

என் அம்மாவுக்கு எண்பத்தொன்று. அதையும் நீங்கள் கேட்பீர்கள். போன மாதம் கும்பகோணம் போய், அவள் காலடியில் உட்கார்ந்து சொன்னேன். அங்கே கோடை வந்தால் கடிகாரத்தை மாற்றுகிற பழக்கமில்லை, வருடம் முழுக்கப் பத்தரை மணி நேரம்தான் வித்தியாசம், நீ கணக்குப் போடக் கஷ்டப்பட வேண்டாம் என்றெல்லாம் என்னென்னவோ சொன்னேன். கடைசியில், ‘அவ ஊருக்கே போயிடட்டுமாம்மா?’ என்று கேட்டேன்.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரொம்ப நேரம் கழித்து, ‘சீ’ என்றாள்.

எந்த மொழியில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. நன்றி, வணக்கம்.