படத்தைச் சிறிதாக்கினால் ஜரிகை ஏன் மங்குகிறது?

வணக்கம் மக்களே, மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். பின்னால் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் போகிற நேரம்.

இங்கே டவுனில் ஒரு புடவைக்கடைக்குக் கைபேசிச் செயலி செய்துகொண்டிருக்கிறேன். தோட்டத்து அக்காக்கள் படத்தைப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுக்கிறார்கள், அப்படியிருக்க அரக்கு அரக்காகவே தெரிய வேண்டாமா?

இதோ இந்தக் கரையைப் பாருங்கள், கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். கருப்பு நூலும் ஜரிகையும் மாறி மாறி ஓடுகிறது. திரையில் இடது பக்கம் அசல் படம், வலது பக்கம் வழக்கமான முறையில் சிறிதாக்கியது. ஜரிகை பழுப்படித்துத் தெரிகிறதல்லவா? எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கான வழக்கமான நிற முறை) படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் இருக்கிற, 0 கருப்பு முதல் 255 முழு வெளிச்சம் வரையான எண்கள் வெளிச்சத்தின் நேர் அளவு கிடையாது, கண் பார்க்கும் விதத்துக்கு ஏற்ப வளைத்து வைத்தவை. சிறிதாக்கும்போது பக்கத்துப் புள்ளிகளைச் சேர்த்துச் சராசரி எடுக்கிறோம். 0, 255 இரண்டுக்கும் சராசரி எடுத்தால் 128 வரும், ஆனால் 128 திரையில் தருவது முழு வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். சரிபாதி வெளிச்சத்துக்கு 188 வேண்டும். படத்தைச் சிறிதாக்கும் பல லைப்ரரிகள், அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகள், எண்களை அப்படியே சராசரி எடுத்துவிடுகின்றன, தங்க நிறம் அங்கேதான் போகிறது. முதலில் நேர் வெளிச்ச அளவுக்கு மாற்றுங்கள், அப்புறம் சிறிதாக்குங்கள், அப்புறம் திரும்ப எஸ்ஆர்ஜிபிக்குக் கொண்டுவாருங்கள். நடுவில் 8 பிட்டில், அதாவது 256 படிகளில் மட்டும், வைத்தால் இருட்டான பகுதிகளில் பட்டை பட்டையாக விழும், அதனால் 16 பிட்.

நினைவகத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று ஆண்ட்ராய்டில் சிலர் ஒரு பிக்சலுக்கு 16 பிட் மட்டும் வைக்கிற ஆர்ஜிபி 565-க்குப் போவார்கள். 4000-க்கு 3000 அளவுப் படம் பிக்சலுக்கு 32 பிட் வைக்கிற ஏஆர்ஜிபி 8888-இல் 48 எம்பி, 565-இல் 24 எம்பி, உண்மைதான். ஆனால் 65,536 நிறம்தான் மிஞ்சும், பட்டுப் புடவையின் மடிப்பில் நிழல் இறங்குகிற இடமெல்லாம் படிக்கட்டு மாதிரி தெரியும். படத்தைத் திறக்கும்போதே இன்சாம்பிள்சைஸ் என்ற அமைப்பில் 2 என்று கொடுத்தால் அகலமும் உயரமும் பாதியாகி, நினைவகம் நாலில் ஒன்றாகிவிடும், நிறத்தில் ஏன் கை வைக்க வேண்டும்? அதையும் இலக்கு அளவுக்கு நெருங்கும் வரைதான். கடைசிச் சுருக்கத்தை நேர் வெளிச்சத்தில் செய்யுங்கள்.

ஐபோனில் எடுத்த படம் என்றால் இன்னொன்று. ஐபோன் 7 வந்த 2016-லிருந்து அவை எஸ்ஆர்ஜிபியைவிட அகலமான டிஸ்பிளே பி3 நிறப்பரப்பில் வருகின்றன. சிறிதாக்கும்போது எண்கள் எந்த நிறப்பரப்பைச் சேர்ந்தவை என்று சொல்லும் நிற விவரக்குறிப்பை மட்டும் கழற்றி எறிந்துவிட்டால், அதே எண்களை எஸ்ஆர்ஜிபி என்று படித்து, சிவப்பெல்லாம் வெளிறிவிடும். எஸ்ஆர்ஜிபிக்கு முறையாக மாற்றிவிட்டு அப்புறம் கழற்றுங்கள்.

உங்கள் லைப்ரரி எப்படி என்று பார்க்க, ஒரு பிக்சல் கருப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று கோடு கோடாக ஒரு படம் செய்து பாதியாக்குங்கள். வருகிற சாம்பல் நிறத்தின் எண்ணைப் பாருங்கள். 188-ஐ ஒட்டி இருந்தால் நல்லது, 128 என்றால் மாற்ற வேண்டியதுதான். என்ன வந்தது என்று கீழே எழுதுங்கள்.