படிக்க ஓர் ஆள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பினாங்கில் ஓர் இடைநிலைப்பள்ளியில் 26 ஆண்டுகள் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது ஆயர் ஈத்தாமில் என் வீட்டு முன்கூடத்தில் சனிக்கிழமை காலையில் பதினோரு பிள்ளைகள் வந்து உட்காருகிறார்கள். பத்துப் பேர் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போனவர்கள். பதினோராவது ஆள் எதிர்வீட்டுச் சீனப் பையன். அவன் அம்மா ஒருநாள் வந்து, "இவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள் டீச்சர்" என்று விட்டுவிட்டுப் போனார். அது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று பிறகு சொல்கிறேன்.

இந்தப் பதினோரு பேரும் ஒரே வலைப்பூவில் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். அதைப் பற்றித்தான் பேச அழைத்திருக்கிறார்கள். கேள்விப்பட்டதும் என் அண்ணன் மகன் சிரித்தான். "அத்தை, டிக்டாக் காலத்துல யாரு ப்ளாக் படிக்கிறா?" அவன் சொல்வதும் சரிதான். வலைப்பூ எழுத இடம் தரும் ப்ளாக்கர் தளம் வந்தது 1999-இல். கூகல் அதை வாங்கியது 2003-இல். என் பிள்ளைகள் பிறப்பதற்கு முந்திய சமாச்சாரம். ஆனால் கூட்டம் கலைந்த கடைத்தெருவில்தானே நின்று பேச முடியும்? அங்கே ஆட வேண்டியதில்லை, முகம் காட்ட வேண்டியதில்லை. ஒருவர் எழுதலாம், அதற்குக் கீழே இன்னொருவர் பதில் எழுதலாம். எனக்கு அந்தக் கீழ்ப்பகுதி போதும்.

பள்ளியில் நான் கட்டுரை திருத்திய விதத்தை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. ஒரு வகுப்புக்கு நாற்பது நோட்டு. சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டுத்தான் முதல் வரியையே பார்ப்பேன். மருத்துவராக வேண்டும் என்று எழுதிய பிள்ளையிடம், ஏனம்மா உனக்கு அந்த ஆசை வந்தது என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. 'எஸ்' விட்டுப்போன இடத்தில் வட்டம் போட்டேன். பிள்ளை நோட்டை வாங்கும், புள்ளியைப் பார்க்கும், மூடும். அதே பிழை அடுத்த கட்டுரைக்குக் குடிபோகும். எழுதியதைப் பிழை பார்க்க ஆள் இருந்தது. படிக்கத்தான் ஆள் இல்லை.

இனி அந்த எதிர்வீட்டுப் பையன் கதைக்கு வருகிறேன். தைப்பூசம் முடிந்த வாரம். ஒரு மாணவி பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்துபோனதை எழுதியிருந்தாள். தங்கரதம், வெள்ளிரதம், சாலையெல்லாம் உடைத்த தேங்காய் என்று நன்றாகவே போனது. நடுவில், "என் மாமா ஒரு வாட்டர் டென்ட் போட்டிருந்தார்" என்று ஒரு வரி. தண்ணீர்ப்பந்தலைத்தான் சொல்கிறாள். மற்ற ஒன்பது தமிழ்ப் பிள்ளைகளும் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டார்கள். நானும்தான். வாட்டர் டென்ட் என்று கண் பார்க்கும்போதே மனசு அதைத் தண்ணீர்ப்பந்தல் என்று படித்துக்கொண்டது. எதிர்வீட்டுப் பையன் மட்டும் கீழே ஒரு வரி கேட்டிருந்தான்: "இஸ் த டென்ட் மேட் ஆஃப் வாட்டர்?" கூடாரம் தண்ணீரில் செய்ததா?

கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான். அவளுக்கு முதலில் கோபம். அன்று இரவே ஆறு வரி பதில் எழுதினாள். சாலையோரம் பந்தல் போடுவார்கள், நடந்து வருகிறவர்களுக்கு மோரும் சர்பத்தும் சோறும் கொடுப்பார்கள், காசு வாங்கமாட்டார்கள், யார் என்ன என்று கேட்கமாட்டார்கள், அடுத்த வருஷம் நீயும் வா. பிறகு வாட்டர் டென்டை அழித்துவிட்டு, 'தண்ணீர் பந்தல்' என்றே ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டாள். அந்த ஆறு வரியில் மூன்று பிழை இருந்தது. நான் கை வைக்கவில்லை. தெரியாத ஒருவனுக்கு எப்படியாவது புரிய வைக்கவேண்டும் என்ற தவிப்பு அவளுக்கு வந்திருந்தது. 26 வருஷத்தில் என் சிவப்பு மை அதை ஒரு பிள்ளைக்கும் கொடுத்ததில்லை.

அப்படியானால் பிழையைத் திருத்தவே வேண்டாமா என்று பெற்றோர் கேட்பீர்கள். ஆய்வாளர்களே இதில் சண்டை போட்டிருக்கிறார்கள். எழுத்தில் இலக்கணத்தைத் திருத்துவதால் பயனில்லை, விட்டுவிடுங்கள் என்று 1996-இல் ஜான் டிரஸ்காட் என்பவர் ஒரே போடாகப் போட்டார். அவசரப்பட்டு அப்படிச் சொல்லாதீர்கள் என்று 1999-இல் டானா ஃபெரிஸ் பதில் எழுதினார். நான் செய்வது இதுதான்: வலைப்பூவில் திருத்தமாட்டேன். வாரத்துக்கு ஒரு பிழையை மட்டும் எடுத்து, யார் எழுதியது என்று சொல்லாமல், வெள்ளைப்பலகையில் போட்டுப் பேசுவோம்.

இதில் எனக்கே சில பாடங்கள் கிடைத்தன. நம் பிள்ளைகளின் ஆங்கிலப் பிழைக்குத் தமிழ்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. "ஐ ஃபாலோ மை ஃபாதர் கோ மார்க்கெட்" என்று எழுதுகிற பிள்ளை, தமிழில் நினைத்திருந்தால் 'அப்பாகூடப் போனேன்' என்றுதானே நினைத்திருக்கும்? அப்பாவைப் பின்தொடர்வது எங்கிருந்து வந்தது? மலாய் மொழியின் 'இக்குட்' என்ற சொல்லிலிருந்து. பின்தொடர்வதற்கும் உடன்போவதற்கும் அங்கே அது ஒன்றே போதும். விளக்கை 'ஓப்பன்' பண்ணுவதும் அப்படித்தான். மலாயிலும், இங்குள்ள சீனர்கள் பேசும் ஹொக்கியனிலும் விளக்கைத் திறப்பார்கள். தமிழ் தரும் பிழையின் முகம் வேறு. "எஸ்டர்டே ஒன்லி ஐ கேம்" என்ற வரியில், நேற்றுத்தான் வந்தேன் என்பதில் உள்ள 'தான்' ஆங்கில வேடம் கட்டி நிற்கிறது. இதைப் பலகையில் பிரித்துக் காட்டியபோது பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்று மொழி புழங்குகிற வீட்டுப் பிள்ளைகள் இவர்கள், மக்குகள் அல்ல. இதை அவர்களிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

அப்பாவைப் பின்தொடர்ந்தவனுக்கு நான் கீழே எழுதிய பதில், "அப்பாகூடச் சந்தைக்குப் போனாயா, என்ன வாங்கினீர்கள்?" என்பதுதான், சரியான ஆங்கிலத்தில். அடுத்த வாரம் இரண்டு பேர் 'வென்ட் வித்' என்று எழுதினார்கள். அவன் மட்டும் இன்னும் பின்தொடர்கிறான். தொடரட்டும்.

தேர்வுக்கு இது உதவுமா என்ற கேள்விக்கும் வருவோம். 2021 முதல், ஐந்தாம் படிவ முடிவில் எழுதுகிற எஸ்.பி.எம் தேர்வில், ஆங்கில எழுத்துத் தாளின் முதல் கேள்வியே ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது, சுமார் 80 சொல். எதிரில் ஓர் ஆள் கேட்கிறார், நீ பதில் சொல். அந்தத் தாளில் ஒரு பகுதிக்கு 20 புள்ளி என்றால், மொழிக்கு என்று இருப்பது 5. மீதி 15-உம் சொன்ன விஷயம், வாசகருக்குப் போய்ச் சேர்ந்த விதம், கோத்த ஒழுங்கு ஆகியவற்றுக்கு. நானோ கால்வாசிப் புள்ளிக்காக முழு மையையும் செலவு பண்ணியவள்.

முதல் முயற்சியிலேயே இது கைகூடியது என்று நினைக்காதீர்கள். பள்ளியில் இருந்தபோது ஒருமுறை முப்பது பிள்ளைகளுக்கு முப்பது வலைப்பூ திறந்துகொடுத்தேன். முப்பதையும் படித்துப் பதில் போட என்னால் முடியவில்லை. மூன்று வாரத்தில் எல்லாம் தூங்கிவிட்டன. போதாக்குறைக்கு ஒன்றில் யாரோ ஊர் பேர் தெரியாத ஆள் வந்து அசிங்கமாக எழுதிவிட்டுப் போனான். பொதுவில் திறந்துவைத்தது என் தப்பு. அதனால் இப்போது பதினோரு பேருக்கும் ஒரே வலைப்பூ, அழைப்பு அனுப்பியவர்கள் மட்டும் படிக்கிற மாதிரி பூட்டிவைத்திருக்கிறேன். சொந்தப் பெயர், பள்ளிப் பெயர், படம் எதுவும் கிடையாது, புனைபெயர்தான். ஒருத்தி 'பசெம்பூர்' என்று பினாங்குப் பலகாரத்தின் பெயரை வைத்திருக்கிறாள், சாப்பாட்டு ராமி. தாமாகக் கூகல் கணக்குத் திறக்க 13 வயதாக வேண்டும், ஆகாத பிள்ளைகளுக்கு அம்மாவின் கணக்கு. வீட்டில் கைப்பேசி ஓய்வாகக் கிடைக்காதவன் நோட்டில் எழுதிக்கொண்டு வருவான், இங்கே என் மடிக்கணினியில் தட்டுவான்.

செயற்கை நுண்ணறிவே எழுதித் தந்துவிடுமே என்பார்கள். தரும். ஒரு பையன் அப்படி ஒன்று கொண்டுவந்து போட்டான், பளபளவென்று. கீழே நான்கு பேர் நான்கு கேள்வி கேட்டார்கள். அவனால் ஒன்றுக்கும் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் சொந்தமாக ஒன்பது வரி எழுதினான்.

கேள்வி கொடுப்பதில்தான் ஆசிரியரின் வேலை இருக்கிறது. 'என் பொழுதுபோக்கு' என்று கொடுத்தால் பதினோரு பேரும் ஒரே கட்டுரையை எழுதுவார்கள். போன வாரம் நான் கேட்டது: உங்கள் வீட்டில் யாரும் தூக்கிப்போடச் சம்மதிக்காத சாமான் எது? உடைந்த தையல் இயந்திரம் வந்தது, ஓடாத கடிகாரம் வந்தது. ஒருவன், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் தாத்தா வைத்திருந்த கத்தியைப் பற்றி எழுதினான். அதன் வளைவு, பிடியில் கை தேய்ந்த பள்ளம், இன்றும் தாத்தா அதற்கு எண்ணெய் போட்டு வைப்பது. கீழே எதிர்வீட்டுப் பையன் கேட்டிருக்கிறான்: ரப்பர் தோட்டத்தில் என்ன வாடை அடிக்கும்?

எழுதியவன் தோட்டத்தைப் பார்த்ததே இல்லை, அடுக்குமாடியில் வளர்ந்த பிள்ளை. தாத்தாவைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று போட்டிருக்கிறான். தாத்தாவோ சுங்கை பட்டாணியில். தொலைபேசியில் கேட்டால் அவர், "அதைப் போன்ல எப்படிடா சொல்றது, நேர்ல வா" என்றாராம். பள்ளி விடுமுறைக்குப் போகிறான். வாடைக்கு ஆங்கிலத்தில் என்னென்ன சொற்கள் இருக்கின்றன என்று நேற்றே என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டு போய்விட்டான்.

நன்றி, வணக்கம்.