சர்வர் அப்டேட் பாதியில நின்னுட்டா

வணக்கம் நேயர்களே. நெல்லு, மழை, முறைப்பாசனம்னு பேசுற நேரத்துல சர்வரப் பத்திப் பேச ஒரு ஆளான்னு நினைக்காதீங்க. இப்ப கும்பகோணத்துல பாத்திரக்கடை, மன்னார்குடியில ரைஸ் மில்லு, மாயவரத்துல ஸ்கேன் சென்டர்னு எங்க போனாலும் மாடிப்படிக்கு அடியில ஒரு பொட்டி ராப்பகலா ஓடிக்கிட்டிருக்கு, பில்லு ஸ்டாக்கு ரிப்போர்ட்டு எல்லாம் அதுக்குள்ளதான். அது ராத்திரி அப்டேட் போட ஆரம்பிச்சு காலைல எந்திரிக்கலன்னா என்ன பண்றது, அதத்தான் பேசப்போறேன்.

மொதல்ல அந்த பவர் பட்டன்லேர்ந்து கைய எடுங்க. விண்டோஸ் சர்வர்ல அப்டேட் தோத்துப்போச்சுன்னா 'அன்டூயிங் சேஞ்சஸ்'னு போட்டு ஒரு வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும், பழைய ஹார்ட் டிஸ்க்னா ஒரு மணி நேரத்துக்கு மேலயும் சுத்தும், போட்ட மாத்தத்தையெல்லாம் திரும்பப் பழையபடி வைக்கிற வேலை அது, அந்த நேரத்துல ஆஃப் பண்ணா பழசும் இல்லாம புதுசும் இல்லாம போயிடும். டிஸ்க் லைட் மினுக்கிக்கிட்டிருந்தா விட்டுடுங்க, ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. விண்டோஸுக்குப் பதிலா உபுண்டுன்னு லினக்ஸ்ல ஒரு வகை, அத வச்சிருக்கவங்களுக்கு வேற மாதிரி வரும், 'லாக் கிடைக்கல'ன்னு சொல்லும், லாக்னா இங்க பூட்டு. உடனே அந்த லாக் ஃபைல அழிச்சிடுன்னு யாராவது சொல்லுவாங்க, செய்யாதீங்க, பெரும்பாலும் அன்அட்டென்டட் அப்கிரேட்ஸ்னு ஒண்ணு பின்னாடி தானா ஓடிக்கிட்டிருக்கும், அது முடிஞ்சா லாக் தானா விட்டுடும்.

அடுத்தது, கடைசி வரிய மட்டும் படிச்சிட்டு முடிவு பண்ணாதீங்க. 'சப் ப்ராசஸ் எரர் கோட் ஒண்ணு'ன்னு கடைசில வரும், அதத் தேடிப் பார்த்தா ஆயிரம் பேர் ஆயிரம் வைத்தியம் சொல்லுவாங்க. மேல ஏறிப் போங்க. உபுண்டுல வார், லாக், ஆப்ட் ஃபோல்டருக்குள்ள டெர்ம் லாக்னு ஒரு ஃபைல் இருக்கு, இந்த லாக் பூட்டு இல்ல, நடந்தத வரிசையா எழுதி வைக்கிற குறிப்பு, அதுல மொதமொதல்ல எங்க எரர் வந்துச்சோ அதான் நோய், மிச்சமெல்லாம் அதோட காய்ச்சல். விண்டோஸ்ல சிபிஎஸ் லாக்.

அப்படி மேல ஏறிப் பார்த்தா நான் அடிக்கடி பாக்குறது 'நோ ஸ்பேஸ் லெஃப்ட்'. என்ன சார் 1 டிபி டிஸ்க், பாதிகூட ரொம்பலையேம்பாங்க. டிஸ்க்ல இடம் இருக்கும், ஆனா உபுண்டுல பூட்னு தனியா ஒரு சின்ன பார்ட்டிஷன், அதான் டிஸ்க்ல ஒரு தடுப்பு, பிரிச்சிருப்பாங்க, கெர்னல்னு சிஸ்டத்தோட உயிர் மாதிரி இருக்கிற பகுதிக்கு அப்டேட் வரும்போதெல்லாம் பழசு அங்கயே கிடக்கும் புதுசும் வந்து உக்காரும், ஒவ்வொண்ணும் நூறு எம்பிக்கு மேல சாப்பிடும், ஒரு நாள் புதுசு பாதி எழுதும்போதே இடம் தீந்துடும். ஜூன் 12ல மேட்டூர் திறக்குறாங்கன்னா அதுக்கு முன்னாடி வாய்க்காலத் தூர் வாரணும்ல, வாராம தண்ணிய விட்டா கடைமடைக்கு எங்க போகும், அதேதான் இது. டிஎஃப் ஹைஃபன் ஹெச்னு கமாண்ட் போட்டா எது ரொம்பியிருக்குன்னு தெரியும். ஆப்ட் ஆட்டோரிமூவ் போட்டா பழசு கிளம்பிடும். அதுவும் முரண்டு பிடிச்சா கையால எடுக்கணும், ஆனா யூநேம் ஹைஃபன் ஆர் போட்டு இப்ப ஓடுற கெர்னல் எதுன்னு பாத்துட்டு அத மட்டும் தொடாதீங்க, ஃபைல நேரா டெலீட் பண்ணாம, உபுண்டுல சாஃப்ட்வேர் போடுற எடுக்குற டிபிகேஜி மூலமாவே எடுங்க.

புது கெர்னல்ல மெஷின் ஏறவே இல்லன்னா ஆன் பண்ணும்போது வர்ற க்ரப் மெனுவுல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் இருக்கும், அதுல பழைய கெர்னல எடுத்தா பெரும்பாலும் ஏறிடும். கடைய திறந்து வியாபாரத்தப் பாருங்க, ரிப்பேர் சாயங்காலம்.

கரண்ட் பத்தி சொல்லாம நம்ம ஊர்ல இந்தப் பேச்சு முடியாது. அப்டேட் ஓடும்போது கரண்ட் போனா உபுண்டு அடுத்த தடவ 'டிபிகேஜி குறுக்க நின்னுபோச்சு'ன்னு சொல்லி என்ன கமாண்ட் போடணும்னும் அதுவே சொல்லும், டிபிகேஜி ரெண்டு ஹைஃபன் கான்ஃபிகர் ஹைஃபன் ஏ, அதப் போட்டாலே பாதிப் பேருக்கு சரியாயிடும். ஆனா இன்வெர்ட்டர் இருக்கே சார், அப்புறம் ஏன் ஆஃப் ஆச்சுன்னு கேப்பாங்க. ஃபேனும் லைட்டும் தாங்கும், சர்வர் தாங்காது, மாறுற அந்த நொடியில ரீஸ்டார்ட் ஆயிடும். நிறைய இன்வெர்ட்டர்ல யூபிஎஸ் மோடுன்னு ஒரு சுவிட்ச் இருக்கும், அத யாரும் பாக்குறதே இல்ல, சர்வருக்குத் தனி யூபிஎஸ் வச்சிட்டா இன்னும் நல்லது. மாதாந்திர பராமரிப்புக்கு மின்தடைன்னு பேப்பர்ல போடுறாங்கல்ல, அன்னைக்கு அப்டேட் வேண்டாம்.

இன்னொண்ணு, கேட்டா சிரிப்பீங்க. போர்டுல சிஆர் 2032னு ஒரு ரூபா காசு மாதிரி பேட்டரி இருக்கும், அது செத்துடுச்சுன்னா கரண்ட் போயி வரும்போது தேதி எங்கயோ பின்னாடி போயிடும். 'ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லாது'ன்னு உபுண்டு சொன்னா, சர்டிஃபிகேட் சரியில்லன்னு விண்டோஸ் சொன்னா, மொதல்ல கடிகாரத்தப் பாருங்க, நெட்காரனத் திட்டாதீங்க.

எல்லாம் பாத்தும் அப்டேட் வரலன்னா, வர்றதுக்கே ஒண்ணும் இல்லாமயும் இருக்கலாம். சென்ட்ஓஎஸ் 7னு இன்னொரு லினக்ஸ், அதுக்கு அப்டேட் குடுக்குறது 2024 ஜூன் 30ஓட முடிஞ்சுபோச்சு, மிரர்லிஸ்ட் கண்டுபுடிக்க முடியலன்னு அதுல அப்டேட் போடுற யம் சொல்றது அதனாலதான். விண்டோஸ் சர்வர் 2012க்கு 2023 அக்டோபரோட முடிஞ்சுது, உபுண்டு 20.04க்கு சாதாரண சப்போர்ட் 2025 மே மாசத்தோட. அங்க ரிப்பேர் பண்ண ஒண்ணுமில்ல, டேட்டாவ எடுத்துக்கிட்டு புது வீட்டுக்குக் குடிபோக வேண்டியதுதான். மில்லு வச்சிருக்கவங்க சம்பா அறுவடை நேரத்துல இத ஆரம்பிக்காதீங்க, வண்டி வரிசையில நிக்கும்போது பில்லு போட முடியாது. சித்திரை வைகாசில கொஞ்சம் ஓய்வா இருக்கும், அப்ப வச்சுக்கங்க, மாத்தி ஒரு மாசம் வரைக்கும் பழைய பொட்டியையும் எடைக்குப் போட்டுடாதீங்க.